படமும் நஞ்சும்

தமிழிலே ‘படம்’ என்ற சொல் சித்திரத்தையும் குறிக்கும். பாம்பின் விரிந்த தலையையும் குறிக்கும். சிலேடை பாடுவோர்க்கு வாய்ப்பான இச்சொல் இன்று எமக்கொரு கவலையாகவும் வந்து வாய்த்திருக்கிறது. கைத்தொலைபேசிக்கு வரும் படத்தைத் திறக்கலாமா, திறந்தால் அதனுள்ளிருந்து ஏதேனும் சீறுமா என்ற கேள்வி ஆசிரியர் அறையிலும் கேட்கிறது; சங்கக்கடை வாசலிலும் கேட்கிறது. விடையாகக் கிடைப்பனவோ பெரும்பாலும் கைமாறி வந்த வதந்திகள். இவ்விடயம் நிபுணர்க்கே உரியதென்று நானும் நெடுநாள் ஒதுங்கியிருந்தவன். அவ்வாறு ஒதுங்கியிருத்தல் தகாதென்பதைச் சென்ற ஆண்டு நிகழ்ந்த இரண்டு சம்பவங்கள் எனக்கு உணர்த்தின.

முதலாவது இது. எமதூர்ப் பாடசாலையொன்றின் தமிழ் மன்றத்தார் தம் பழைய கையெழுத்துச் சஞ்சிகைகளை நூலாக்க முனைந்தனர். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மாணவர் தம் கையாலே எழுதிச் சித்திரமும் தீட்டி வெளியிட்டவை அவை. இடப்பெயர்வுகளிலே மூட்டையோடு மூட்டையாய் அலைந்து, மழையில் நனைந்து, செல்லரித்து, தொட்டால் உதிரும் நிலையில் எஞ்சியிருந்தன. உயர்தர வகுப்பு மாணவர் இருவர் ஒரு தவணை விடுமுறை முழுவதும் இருந்து நானூறுக்கு மேற்பட்ட பக்கங்களைப் படம்பிடித்துக் கணினியிற் சேர்த்தனர். மேற்பார்வைக்கு என்னை அழைத்திருந்தார்கள்.

ஒருநாட் காலை, வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் ஒருவரின் முகவரியிலிருந்து மின்னஞ்சலொன்று வந்தது. ‘பழைய நிழற்படங்கள்’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு. அத்தகைய படங்களைத்தான் நாங்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தோம். “திற தம்பி, பார்ப்பம்” என்று சொன்னவன் நானேதான். அவன் திறந்தான், படமொன்றும் தோன்றவில்லை. மாலையாவதற்குள் நானூறு பக்கங்களும் எவராலும் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டுவிட்டன. திறவுகோல் வேண்டுமாயின் கப்பம் செலுத்துக என்ற கடிதம் மட்டும் திரையில் நின்றது. அந்த முகவரிக்குரியவர் அப்படி எதையும் அனுப்பவேயில்லை என்பது பின்னரே தெரிந்தது. “சேர், படம் எண்டுதானே கிடந்தது” என்று அந்தப் பையன் சொன்ன சொல் இன்னும் என் காதில் நிற்கிறது. அவன் சொன்னது உண்மை. படம் என்றுதான் கிடந்தது. அவ்வாறு எழுதிக் கிடந்ததை நம்பலாமா என்று கேட்கக் கற்பியாத பிழை எம்முடையது.

இரண்டாவது சம்பவம் இதன் மறுதலை. மேற்படி செய்தி ஊரிற் பரவிய மறுவாரம், இளைப்பாறிய ஆசிரியரான என் நண்பருக்கு வட்ஸ்அப்பில் ஓர் எச்சரிக்கை வந்தது. காலை வணக்கம் சொல்லும் பூப்படங்களிலும் தெய்வப் படங்களிலும் வைரசு மறைந்திருப்பதாகவும், தொலைபேசியிலுள்ள படங்கள் யாவற்றையும் உடனே அழித்துவிடும்படியும் அது கூறிற்று. நண்பர் அஞ்சினார், அழித்தார். அழிந்தவற்றுள் அவருடைய தந்தையார் வைத்தியம் பார்த்த காலத்து வாகட ஏடுகளின் படங்களும் இருந்தன. ஏடுகளோ முன்னரே கறையானுக்கு இரையாகியிருந்தன.

நம்பியதால் நாங்கள் இழந்தோம். அஞ்சியதால் அவர் இழந்தார். இழந்த பொருள் ஏறக்குறைய ஒன்றே. நம்பிக்கையும் அச்சமும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், இவ்விடத்தில் இரண்டுக்கும் தாய் ஒன்றுதான்: எமக்கு முன்னே கிடப்பதை வாசிக்கத் தெரியாமை. இணையத்திலே பாதுகாப்பாக இருத்தல் என்பது முதலில் எழுத்தறிவைச் சார்ந்தது. பொறியியல் அதன் பின்னரே வருவது. ஆதலால் அது மொழியாசிரியர்களாகிய எமக்கும் உரிய பணியென்பதே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது.

படத்தோடு வரும் தீங்கு இரு வகைப்படும். அவ்விரண்டையும் பிரித்தறியாமையே வதந்திகளுக்கு வித்து. ஒன்று, படமல்லாத ஒன்று படமென்று பெயர் பூண்டு வருவது. மற்றது, உண்மையாகவே படவடிவில் வந்து, படத்தைக் காட்டும் மென்பொருளின் குறையைப் பயன்படுத்திக்கொள்வது.

முதல் வகையை விளக்க உதயணன் கதையே போதும். யானை மீது தீராக் காதல் கொண்டவன் உதயணன். அதனை நன்கறிந்த பிரச்சோதனன், போர்வீரரை உள்ளே ஒளித்துவைத்த பொய்யானையொன்றைக் காட்டில் நிறுத்தினான். யாழிசைத்து யானையை வசமாக்கச் சென்ற வேந்தன் தானே சிறைப்பட்டான். அவனைப் பிடித்தது அவனுடைய ஆசை. மானை நிறுத்தியிருந்தால் அவன் அத்தனை ஆவலோடு சென்றிருக்கமாட்டான்.

2000ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவிய வைரசு ஒரு காதற் கடிதமாய் வந்தது. ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்பது அதன் தலைப்பு. இணைத்திருந்த கோப்பைத் திறந்தோருடைய முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் அது தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. கணினியில் இருந்த ஜேபெக் படங்களின் மேல் தன் பிரதியை எழுதி அவற்றை அழித்தது. அடுத்த ஆண்டு, 2001 பெப்ரவரியில், ஒல்லாந்து தேசத்து இருபது வயது இளைஞன் ஒருவன் அனுப்பியது ருஷ்ய ரென்னிஸ் வீராங்கனை அன்னா கூர்னிகோவாவின் படமென்ற பெயரில் வந்தது. அதனை ஆக்க அவனுக்குப் பெரும் புலமை தேவைப்படவில்லை. வைரசு ஆக்குவதற்கென்றே இணையத்தில் இலவசமாய்க் கிடந்த கருவியொன்றைப் பயன்படுத்தினான். திறந்தவர்கள் எந்தப் படத்தையும் காணவில்லை. அஞ்சல் மட்டும் அவர்களுடைய பெயரால் நண்பர்களுக்குச் சென்றது. அவனுக்கு 150 மணிநேரச் சமூக சேவை தண்டனையாக விதிக்கப்பட்டது.

இவ்வளவு பேர் எவ்வாறு ஏமாந்தனர்? இங்கேதான் இலக்கணம் வருகிறது. ஒரு வினைமுற்றின் பகுதியைப் பார்த்து அதன் திணை பால்களைத் துணிய முடியாது. விகுதியைப் பார்த்தே துணிகிறோம். ‘வந்தான்’ என்பதும் ‘வந்தது’ என்பதும் கடைசியிலேதான் வேறுபடுகின்றன. கோப்பின் பெயருக்கும் விகுதி உண்டு. இறுதிப் புள்ளிக்குப் பின் நிற்கும் எழுத்துகளே அது. ஜே.பி.ஜி, பி.என்.ஜி என்று முடிவது படம் என வழங்கும். ஈ.எக்ஸ்.ஈ, வி.பி.எஸ் என்று முடிவது கணினிக்குக் கட்டளையிடும் நிரல். அன்றோயிட் தொலைபேசியிலே ஏ.பி.கே என்று முடிவது புதிய செயலியொன்றை நிறுவுவது. கூர்னிகோவாவின் பெயரால் வந்த கோப்பு ஜே.பி.ஜி என்று முடியவில்லை, அதற்கப்பால் வி.பி.எஸ் என்ற உண்மையான விகுதியும் இருந்தது. விண்டோஸ் தனக்குத் தெரிந்த விகுதிகளைக் காட்டாது மறைக்கும் இயல்புடையதாதலால், வாசிப்போர் கண்ணுக்கு ஜே.பி.ஜி மட்டுமே தெரிந்தது. காதற் கடிதமும் அவ்வாறே எளிய எழுத்துக் கோப்புப்போலத் தோற்றியது.

இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் விண்டோஸின் அவ்வியல்பு மாறவில்லை. விகுதியைக் காட்டுக என்று நாமே அமைத்துக்கொண்டாலன்றி அது மறைந்தேயிருக்கும். இதனை மாற்ற அரை நிமிடம் போதும். எனினும் நான் கேட்டறிந்தவரையில் எம் ஆசிரியர்களுள் மிகச் சிலரே மாற்றியிருக்கின்றனர். வேறொரு சூதும் உண்டு. அரபு போன்ற வலமிருந்து இடமாகச் செல்லும் மொழிகளுக்கென அமைந்த கண்ணுக்குத் தெரியாத குறியொன்றைப் பெயரின் நடுவே செருகினால், எழுத்துகள் திரும்பிநின்று, நிரலின் பெயரும் ஜே.பி.ஜி என்று முடிவதுபோலத் தோன்றும். ஆகவே பெயரை மட்டும் பார்த்தமையாது, இக்கோப்பு எவ்வகையினது என்று கணினியையே கேட்டறிதல் நன்று. இந்தியாவிலே 2024ஆம் ஆண்டில் கலியாண அழைப்பிதழ் என்ற பெயரில் வட்ஸ்அப் வழியே ஏ.பி.கே கோப்புகள் பரவியபோது பொலிசார் மக்களை எச்சரிக்க நேர்ந்தது. காதற் கடிதம், அழகியின் படம், கலியாண அழைப்பு, எமக்கு வந்த பழைய நிழற்படம்: யானை மாறுகிறதே தவிரச் சூழ்ச்சி மாறவில்லை.

இனி இரண்டாம் வகை. உண்மையான படமொன்றுக்குள் நஞ்சு இருக்க முடியுமா? முடியும், ஆனால் வதந்தி சொல்லும் வகையில் அன்று. படம் என்பது எண்களின் வரிசை. அது தானாக எழுந்து எதனையும் செய்யாது. 2002ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘பெர்ரன்’ என்றொரு வைரசு ஜேபெக் படங்களுக்குட் புகுந்ததென்று பெரிதாய்ப் பேசப்பட்டது. ஆயினும் அப்படத்தை மட்டும் வேறொரு கணினிக்கு அனுப்பினால் ஒரு தீங்கும் நிகழவில்லை. படத்திலிருந்து வைரசைப் பிரித்தெடுக்க இன்னொரு நிரல் அக்கணினியில் முன்னரே இருந்தாக வேண்டும். படத்துக்குள் இரகசியச் செய்தியை மறைத்துவைக்கும் கலைக்கும் இதுவே எல்லை. பெட்டிக்குட் கடிதமிருக்கலாம், எடுத்துப் படிக்க ஒருவன் வேண்டும்.

ஆபத்து வருவது படத்தைப் படிக்கும் மென்பொருள் பிழை விடும்போது. 2004ஆம் ஆண்டு செப்டம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் மென்பொருளில் இத்தகைய பிழையொன்றை அறிவித்துத் திருத்தம் வெளியிட்டது. பிழையின் தன்மை சுவையானது. ஜேபெக் கோப்பிலே குறிப்பு எழுதுவதற்கென ஓரிடம் உண்டு. குறிப்பின் நீளம் இத்தனை என்று அதன் முன்னே ஓர் எண் நிற்கும். அவ்வெண்ணைத் தாங்கும் இரண்டு இடங்களும் அந்நீளத்திற் சேர்ந்தவை. ஆகவே அது ஒருபோதும் இரண்டிற் குறையாது. வஞ்சகன் ஒருவன் அங்கே பூச்சியம் என்று எழுதினால்? மென்பொருள் ஐயுறாது அதிலிருந்து இரண்டைக் கழித்தது. எதிர்மறை எண்ணை அறியாத அதன் கணக்கில் விடை 429 கோடிக்கு மேலாயிற்று. அத்தனை எழுத்துகள் வரப்போகின்றன என்று எண்ணித் தன் நினைவகத்தின் எல்லை கடந்து எழுதத் தொடங்கிற்று. எல்லை கடந்த இடத்திலே வஞ்சகனின் கட்டளை போய் அமர்ந்தது. சொன்ன அளவைச் சரிபாராது நம்பிய ஒரு வாசகனின் கதையன்றோ இது!

இவ்வகைக் குறைகள் இன்றும் ஒழிந்தபாடில்லை. 2021 செப்டம்பரில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் சிற்றிசன் லாப் ஆய்வாளர், பெகாசஸ் என்னும் உளவுநிரல் ஐபோன்களுக்குட் புகுந்த வழியொன்றை வெளிப்படுத்தினர். ஜி.ஐ.எவ் படமென்று விகுதி பூண்டு வந்த கோப்பு உண்மையில் பி.டி.எவ் ஆவணமாக இருந்தது. பெற்றவர் அதனைத் தொடவும் வேண்டியிருக்கவில்லை. தொலைபேசி தானே படிக்க முயன்றதே போதுமாயிற்று. 2023 செப்டம்பரில் ‘வெப்பி’ என்ற படவகையைப் படிக்கும் மென்பொருட் பகுதியிற் குறை காணப்பட்டு, குரோம், பயர்பொக்ஸ் முதலிய உலாவிகளெல்லாம் அவசரமாகத் திருத்தப்பட்டன.

இவற்றைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. பெகாசஸ் போன்றவை பெரும் பொருள் கொடுத்து வாங்கப்படுபவை. ஊடகவியலாளர், உரிமைக்காகப் போராடுவோர் ஆகியோரைக் குறிவைத்து ஏவப்பட்டவை. எம்போன்றோரைக் கெடுப்பது பெரும்பாலும் முதல் வகையே. இரண்டாம் வகைக்கு மருந்து படங்களை அழிப்பதன்று, மென்பொருளை இற்றைப்படுத்துவது. நிறுவனம் குறையைத் திருத்திய பின்னும் அத்திருத்தத்தை ஏற்காது ‘நாளை பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுபவரே நெடுநாள் ஆபத்தில் இருக்கின்றனர். என் நண்பர் படங்களையெல்லாம் அழித்த அதே தொலைபேசி, பல மாதங்களாக இற்றைப்படுத்தல் வேண்டிக் காத்துக்கிடந்தது. வேண்டியதைச் செய்யாது வேண்டாததைச் செய்தார்; அதுவும் பிறர் சொல்லக் கேட்டு.

இதற்கெல்லாம் சட்டமும் காவற்றுறையும் இருக்கின்றனவே என்பார் உளர். சட்டம் வேண்டியதுதான். 2000ஆம் ஆண்டிலே பிலிப்பைன்ஸில் இத்தகைய குற்றத்துக்குரிய சட்டம் இல்லாமையால் சந்தேக நபர்மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அவ்வைரசு பரவிய பின்னரே அந்நாடு சட்டமியற்றியது. எமது நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு தொடங்கிய இலங்கை சேர்ட் என்னும் அமைப்பு முறைப்பாடுகளை ஏற்று ஆலோசனை வழங்குகிறது. ஆயினும் சட்டம் திருடனைத் தேடுமேயன்றி, பூட்டப்பட்ட நானூறு பக்கங்களை மீட்டுத் தருவதற்கில்லை. மாணவர் கையில் தொலைபேசியே கூடாது என்போரும் உளர். அவர்களுக்கு நான் சொல்வது: எமது சம்பவத்தில் திறக்கச் சொன்னவன் மாணவனல்லன், நரைத்த தலையுடைய ஆசிரியன்.

ஆகவே கற்பிக்க வேண்டும். புதிய பாடமொன்று தேவையில்லை; வாசிப்புப் பாடத்தின் தொடர்ச்சியாகவே இது அமையலாம். கோப்பின் விகுதியைப் பார். இது எவ்வகையினது என்று கேள். அனுப்பியவர் தெரிந்தவர் என்பது மட்டும் சான்றாகாது. காதற் கடிதமும் தெரிந்தவர் பெயரால்தான் வந்தது. எதிர்பாராது வந்த பொருளானால், அனுப்பியவரை வேறு வழியில், முடியுமாயின் குரல் கேட்கும்படி, வினாவித் தெளி. படம் பார்ப்பதற்கென்று புதிய செயலியை நிறுவச் சொன்னால் அங்கேயே நில். எச்சரிக்கை என்று வருவதையும் ஐயுறு. யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று இல்லாத எச்சரிக்கை வதந்தியே. வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாது நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரை மீண்டும் ஐயுறுவதும் ஒருங்கே கேடென்பது அவர் கண்ட முடிபு. அந்நடுநிலையே இங்கும் வேண்டப்படுவது.

யாவற்றிலும் முதன்மையான ஒன்றை இறுதிக்கு வைத்தேன். அது பிரதி எடுத்தல். பழைய பத்திரிகை, ஏட்டுச்சுவடி, காணி உறுதி, மறைந்தோர் முகம் என எமக்கென்று எஞ்சியவற்றுட் பெரும்பகுதி இன்று படக்கோப்புகளாகவே வாழ்கிறது. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் திட்டத்தின் வழியே எம்மவர் இணையத்திற் படிக்கும் பழைய சஞ்சிகைகளும் பக்கம் பக்கமாய்ப் பிடித்த படங்களே. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாதவை என்றென்றைக்குமாய்ப் போயின. பிறவிடத்திற் பிரதியுள்ளவை மீண்டன. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்ற முடிந்ததும், எங்கோ ஒரு வீட்டில் எவரோ ஒருவர் ஏட்டைப் பெயர்த்தெழுதி வைத்திருந்ததனாலன்றோ? எம் முன்னோர் கையோயப் பெயர்த்தெழுதினர். எமக்கோ ஒரு நிமிட வேலை. கணினியில் ஒன்று, அதனோடு இணையாது கழற்றி வைத்த வட்டிலே ஒன்று, வேறோர் ஊரில் ஒன்று என மூன்று பிரதி இருந்தால், கப்பம் கேட்பவனுக்கு விற்க ஒன்றுமில்லை.

எமது சஞ்சிகைகளின் கதையை முடித்துவிடுகிறேன். கப்பம் நாங்கள் கொடுக்கவில்லை, கொடுக்கவும் வழியில்லை. படம்பிடித்த இருவருள் ஒருத்தி, தன் அம்மம்மா பாடசாலைப் பருவத்தில் எழுதிய கதையொன்றைக் கண்டு மகிழ்ந்து, அந்தப் பதினொரு பக்கங்களையும் கனடாவிலுள்ள மாமிக்கு அனுப்பியிருந்தாள். அவை மட்டும் திரும்பி வந்தன. மன்றத்தார் அவற்றைச் சிறுநூலாக அச்சிட்டிருக்கிறார்கள். நானூறில் பதினொன்று. திருடனுக்கு அஞ்சி அவள் அனுப்பவில்லை, அன்பினால் அனுப்பினாள். அன்பு தற்செயலாகச் செய்ததை இனி அறிவும் வழக்கமாகச் செய்யுமாயின், அந்தப் பையனிடம் நான் பட்ட கடனில் ஒரு பகுதியாவது தீரும்.